ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாநிலம்: வழக்கின் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர்

கேரளத்தில் ஏதாவது ஒரு இந்தியன் காபி ஹவுஸுக்குள் போய், விசிறித் தலைப்பாகை கட்டிய ஊழியரிடம் பீட்ரூட் கட்லெட் சொல்லிவிட்டுச் சுவரைப் பாருங்கள். பல கிளைகளில் ஒரே முகம்தான் மாட்டியிருக்கும். அவர் ஏ.கே.ஜி., முழுப்பெயர் ஏ.கே.கோபாலன். வேலை பறிபோன காபி ஹவுஸ் ஊழியர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்துவிட்ட கம்யூனிஸ்ட் தலைவர்.

சென்னையிலோ மதுரையிலோ படிக்கும் சட்டக் கல்லூரி மாணவரிடம் அதே பெயரைச் சொன்னால், ஞாபகத்துக்கு வருவது முகம் இல்லை, ஒரு கேஸ். ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாநிலம், 1950. அரசமைப்புச் சட்டம் 21-வது பிரிவை நடத்தத் தொடங்கும்போதே ஆசிரியர் சொல்லும் வழக்கு. இந்த இரண்டு கோபாலனும் ஒரே ஆள்தான் என்பது, காபி குடிப்பவர்களில் பலருக்கும் தெரியாது, தேர்வு எழுதுபவர்களில் பலருக்கும் தெரியாது.

அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி மிக எளிமையானது. ஒருவர் எந்தக் குற்றத்துக்காகவும் இப்போது தண்டனையில் இல்லை. ஆனால் வெளியே விட்டால் ஏதாவது செய்துவிடுவார் என்று அரசு நினைக்கிறது. அவரை விசாரணையே இல்லாமல் ஜெயிலில் வைக்கலாமா? அதற்கு ஒரு சட்டம் இருந்தாலே போதுமா, இல்லை அந்தச் சட்டம் நியாயமாகவும் இருக்கணுமா?

1950-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலை மாற்ற 28 வருடம் ஆனது. அதைப் பார்க்க கோபாலன் உயிரோடு இல்லை.

வாத்தியார் வேலையை விட்டவர்

வட மலபாரில், இன்றைய கண்ணூர் மாவட்டத்தில் பெரளசேரி பக்கம் 1904 அக்டோபர் 1-ல் பிறந்தார் கோபாலன். வசதியான நம்பியார் குடும்பம். தலசேரியில் படிப்பு, பிறகு பள்ளிக்கூட ஆசிரியர் வேலை. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும் வரை அப்படித்தான். வழக்கின் பெயரில் கேரளம் இல்லாமல் சென்னை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1930-ல் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டுக் காங்கிரஸ் தொண்டராகச் சிறைக்குப் போனார். அடுத்த வருடம் குருவாயூர். எல்லா சாதியினருக்கும் கோயில் கதவைத் திறக்கச் சொல்லி 1931 நவம்பரில் கே.கேளப்பன் தலைமையில் போராட்டம் தொடங்கியபோது, தொண்டர் படையின் கேப்டன் கோபாலன்தான். கோயில் வாசலில் அடிவாங்கினார். 1936-ல் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் பசியையும் அரசுக்குக் காட்ட, கண்ணூரிலிருந்து சென்னை வரை ஒரு பட்டினி யாத்திரையை நடத்திக்கொண்டு வந்தார். நடந்தேதான்.

காங்கிரஸிலிருந்து காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி, அங்கிருந்து கம்யூனிஸ்ட் கட்சி. அந்தத் தலைமுறை மலபார் தொண்டர்கள் பலர் போன பாதை இது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் 1941-ல் கைதாகி, 1942-ல் வேலூர் சிறையிலிருந்து தப்பினார். போர் முடியும் வரை போலீஸ் கையில் சிக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் தனிமனித சுதந்திரம் என்ற தலைப்பின் கீழ் முதலில் வரும் பெயர், ஒரு காலத்தில் ஜெயிலை உடைத்து அந்தச் சுதந்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டவரின் பெயர்.

சுதந்திர நாளில் தனிச் சிறை

1947 ஆகஸ்ட் 14 இரவு நாடே விழித்திருந்தபோது கோபாலன் கண்ணூர் சிறையில் தனிமைக் காவலில் இருந்தார். அதே வருடம் அக்டோபரில் விட்டார்கள். டிசம்பரில் மறுபடி பிடித்தார்கள். பிடித்த அரசு இப்போது பிரிட்டிஷ் அரசு இல்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சி கல்கத்தா மாநாட்டில் தீவிரப் பாதையை எடுத்தது. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பல மாநிலங்களில் கட்சி தடை செய்யப்பட்டது. புதிதாகப் பிறந்த அரசு பயந்ததற்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு பக்கம், அந்தப் பயம் எங்கே வரை போனது என்பதற்கு சேலம் மத்திய சிறை சாட்சி. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அடிப்படை உரிமைகளைத் தந்த அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்து அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது.

அதே பிப்ரவரி கடைசியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் சர்தார் படேல். இதைக் கொண்டுவருவதற்கு முன் இரண்டு இரவு தனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவரே சபையில் சொன்னார். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம், நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாக 1969 டிசம்பர் 31 வரை ஓடியது.

கோபாலன் மீது அதுவரை சாதாரணக் குற்றவியல் சட்டத்தில் வழக்குகள் போட்டிருந்தார்கள். தண்டனையும் கிடைத்தது. ஆனால் அந்தத் தண்டனைகள் ரத்தாகிவிட்டன. அதாவது நீதிமன்றக் கணக்கில் அவர் வெளியே வரவேண்டிய ஆள். 1950 மார்ச் 1 அன்று, சிறைக்குள் இருக்கும்போதே, புதிய சட்டத்தின் கீழ் தடுப்புக் காவல் உத்தரவு கையில் கொடுக்கப்பட்டது. நாட்டிலேயே அந்தச் சட்டத்தில் முதலில் சிக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போட்டார். 32-வது பிரிவு அந்த உரிமையைப் புதிதாகக் கொடுத்திருந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் என்று படியேறாமல் நேராக டெல்லிக்கே போகலாம். உச்ச நீதிமன்றம் தொடங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

கோர்ட்டிடமே சொல்லக் கூடாத காரணம்

இந்தச் சட்டத்தில் இரண்டு விதிகளைக் கவனிக்க வேண்டும். 12-வது பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காகப் பிடிக்கப்பட்டவரை, அறிவுரைக் கழகத்தின் முன் நிறுத்தாமலேயே மூன்று மாதத்துக்கு மேல், ஒரு வருடம் வரை வைத்திருக்கலாம். சரி, அறிவுரைக் கழகம் இல்லை, கோர்ட்டுக்காவது போகலாமே என்று கேட்டால், அங்கே 14-வது பிரிவு நின்றது. தன்னை ஏன் பிடித்தார்கள் என்று அரசு தனக்குக் கொடுத்த காரணங்களைக் கைதி நீதிமன்றத்திடம் வெளியிடுவதே குற்றம். நீதிமன்றமும் அதைக் கேட்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். என்னைப் பிடித்தது தப்பு என்று மனு போடலாம். ஏன் பிடித்தார்கள் என்று மட்டும் மனுவில் சொல்லக் கூடாது!

இந்த ஒரு விஷயத்தில் கோபாலன் ஜெயித்தார். ஆறு நீதிபதிகளும் சேர்ந்து 14-வது பிரிவு செல்லாது என்றார்கள். ஆனால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் மிச்சச் சட்டம் நிற்கும் என்றும் சொன்னார்கள். அதனால் சட்டம் தப்பியது, கோபாலன் உள்ளேயே இருந்தார்.

நம்பியார் வைத்த வாதம்

கோபாலனுக்காக ஆஜரானவர் எம்.கே.நம்பியார். நீலேஸ்வரத்துக்காரர். பிற்காலத்தில் அட்டர்னி ஜெனரலாக இருந்த கே.கே.வேணுகோபாலின் அப்பா. எதிர்ப்பக்கம் சென்னை மாநிலத்துக்காக அட்வகேட் ஜெனரல் கே.ராஜா அய்யர், மத்திய அரசுக்காக எம்.சி.செதல்வாட்.

நம்பியாரின் வாதத்தைச் சிம்பிளாகச் சொன்னால் இப்படி வரும். 19-வது பிரிவு இந்தியா முழுக்கத் தாராளமாக நடமாடும் உரிமையைக் கொடுக்கிறது. அதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கணும், அது நியாயமா என்று கோர்ட் பார்க்கலாம். ஜெயிலில் போட்டால் நடமாட முடியாது. ஆகவே தடுப்புக் காவல் சட்டமும் அந்தச் சோதனையில் பாஸ் ஆகணும்.

இரண்டாவது வாதம் 21-வது பிரிவைப் பற்றியது. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. இங்கே சட்டம் என்றால் நாடாளுமன்றம் அச்சடித்து வெளியிட்ட எதுவும் என்று அர்த்தமா? இல்லை, காரணம் சொல்வது, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுப்பது, நடுநிலையான ஒருவர் முடிவெடுப்பது போன்ற இயற்கை நீதியும் அதற்குள் இருக்கிறதா? இருக்கிறது என்றார் நம்பியார்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அரசமைப்புச் சட்ட வரைவில் முதலில் அமெரிக்காவில் உள்ளது போல உரிய சட்ட நடைமுறை என்ற சொல்தான் இருந்தது. ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போனபோது, அங்கே நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். இந்தச் சொல் நீதிபதிகளுக்கு அதிக அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்ற எச்சரிக்கையோடு திரும்பினார். அதை எடுத்துவிட்டு, ஜப்பான் அரசமைப்பின் சாயலில் சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்று போட்டார்கள். எடுத்தது சரியில்லை என்று அரசமைப்பு அவையில் பலர் சண்டை போட்டதால், கைதானவர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பாக இன்றைய 22-வது பிரிவை அம்பேத்கர் சேர்த்தார். ஆனால் அதே 22-வது பிரிவுக்குள்தான் விசாரணையில்லாத காவலுக்கும் இடம் இருக்கிறது. உலகத்தில் பல நாடுகள் போர்க் காலத்துக்கு மட்டும் வைத்திருக்கும் அதிகாரத்தை, நம்முடைய அரசமைப்பு அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே அமைதிக் காலத்துக்கும் எழுதி வைத்திருக்கிறது.

1950 மே 19-ல் தீர்ப்பு. தலைமை நீதிபதி கனியா, பதஞ்சலி சாஸ்திரி, மகாஜன், முகர்ஜியா, எஸ்.ஆர்.தாஸ், பஸல் அலி என ஆறு பேர் அமர்வு. ஆறு பேரும் நீளநீளமாகத் தனித்தனித் தீர்ப்பு எழுதினார்கள். பெரும்பான்மை சொன்னதன் சாரம், அடிப்படை உரிமைகள் தனித்தனி அறைகள், ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் போகாது என்பது. 19-வது பிரிவு வெளியே சுதந்திரமாக இருப்பவனுக்கானது. ஒருவரைச் சட்டப்படி சிறையில் வைத்துவிட்டால், நடமாடும் உரிமையைப் பற்றி அவர் பேச முடியாது. 21-ல் சட்டம் என்றால் சட்டமன்றம் இயற்றிய சட்டம்தான். அது நியாயமா என்று எடைபோடுவது கோர்ட்டின் வேலை இல்லை.

இதைப் பிற்போக்கு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. நம்பியார் சொல்வதை ஏற்றால், கொலைக் குற்றவாளிகூட எனக்கு நடமாடும் உரிமை இருக்கிறது, என் தண்டனை நியாயமான கட்டுப்பாடா என்று கேட்டு வருவானே என்பது நீதிபதிகளின் நிஜமான கவலை. அரசமைப்பு அவையே ஒரு சொல்லை யோசித்து எடுத்துப் போட்டிருக்கும்போது, அதை வாசல் வழியாக இல்லாமல் ஜன்னல் வழியாக நாம் கொண்டுவரலாமா என்ற தயக்கமும் இருந்தது.

பஸல் அலி மட்டும் முழுதாக எதிர்த்து எழுதினார். ஒருவரை விசாரணை இல்லாமல் பிடித்து வைப்பது நடமாடும் உரிமையை நேராகவே தொடுகிறது, அதனால் நியாயச் சோதனை உண்டு என்றார். உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, தனி அறைகள் இல்லை என்பது அவர் பார்வை. 12-வது பிரிவு செல்லாது என்ற இடத்தில் மகாஜன் அவரோடு சேர்ந்தார். ஆனாலும் மனு தள்ளுபடி.

ஒரே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு

கோபாலன் தோற்ற ஒரே வாரத்தில், மே 26-ல், அதே உச்ச நீதிமன்றம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் தீர்ப்பு சொன்னது. அதுவும் சென்னை மாநில அரசுக்கு எதிரான வழக்குதான். தாப்பர் பம்பாயில் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரிப் பத்திரிகை சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். பொது ஒழுங்கு என்று பொதுவாகச் சொல்லிப் பேச்சுரிமையைத் தடுக்க முடியாது என்று தடையை ரத்து செய்தது கோர்ட்.

இதில் சுவாரசியம் என்னவென்றால், கோபாலனுக்கு எதிராக எழுதிய பதஞ்சலி சாஸ்திரிதான் தாப்பருக்கு ஆதரவான பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். கோபாலனுக்காகத் தனியாக நின்ற பஸல் அலி, தாப்பர் வழக்கில் அரசுப் பக்கம் நின்றார். நீதிபதிகளை உரிமைக்கு ஆதரவானவர், எதிரானவர் என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு தப்பு என்பதற்கு அந்த ஒரு வாரம் போதும். சாஸ்திரியின் கண்ணில் வித்தியாசம் எளிது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த 19-வது பிரிவு அனுமதித்த காரணங்களின் பட்டியலில் பொது ஒழுங்கு அப்போது இல்லை, தடுப்புக் காவலுக்கு 22-ல் நேரடி அனுமதி இருந்தது. எழுத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

அரசும் எழுத்தையே மாற்றியது. 1951-ல் வந்த முதல் திருத்தம் பொது ஒழுங்கைப் பட்டியலில் சேர்த்தது. நியாயமான என்ற சொல்லையும் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமா என்று கோர்ட் பார்க்கலாம் என்பது இப்படிப் பேச்சுரிமைக்கும் வந்தது. எதை வைத்து நியாயத்தை அளப்பது என்பதற்கு 1952-ல் சென்னை மாநிலம் எதிர் வி.ஜி.ராவ் வழக்கில் ஒரு அளவுகோலும் கிடைத்தது. எந்த உரிமை, எதற்காகக் கட்டுப்பாடு, தீமை எவ்வளவு பெரிது, கட்டுப்பாடு அதற்கு மிஞ்சிப் போகிறதா, காலச் சூழல் என்ன என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதை எழுதியவரும் பதஞ்சலி சாஸ்திரிதான். ஆனால் இந்த அளவுகோல் 19-வது பிரிவு என்ற அறைக்குள் மட்டும் செல்லும். ஜெயிலில் இருக்கும் கோபாலனுக்கு அது உதவாது.

அதே கட்டிடத்துக்குள் எம்.பி.யாக

1951-ல் விடுதலையான கோபாலன், முதல் பொதுத் தேர்தலில் கண்ணூரில் நின்று ஜெயித்தார். உச்ச நீதிமன்றத்துக்கு அப்போது தனிக் கட்டிடம் கிடையாது. 1958 வரை நாடாளுமன்றக் கட்டிடத்தில் உள்ள ஒரு மண்டபத்தில்தான் இயங்கியது. எந்தக் கட்டிடத்தில் அவர் மனு தள்ளுபடி ஆனதோ, இரண்டே வருடத்தில் அதே கட்டிடத்துக்குள் மக்களவை உறுப்பினராக நுழைந்தார். 16 பேர் கொண்ட கம்யூனிஸ்ட் அணியின் தலைவர். அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி அப்போது யாருக்கும் தரப்படவில்லை, ஆனாலும் முதல் எதிர்க்கட்சித் தலைவர் என்றே பலர் அவரைச் சொல்கிறார்கள். அந்த முதல் சபைக்கே தடுப்புக் காவல் சட்டத்தின் நீட்டிப்பு வந்தது. தன்னை உள்ளே வைத்த சட்டத்தை எதிர்த்து இப்போது சபையில் பேசலாம், எதிர்த்து ஓட்டுப் போடலாம். தோற்கத்தான் தோற்பார்கள்.

1971 வரை ஒவ்வொரு மக்களவைத் தேர்தலிலும் ஜெயித்தார். நடுவில் சிறை நிற்கவே இல்லை. 1961-ல் இடுக்கி அணைக்காக வெளியேற்றப்பட்ட விவசாயிகளுக்காக அமராவதியில் உண்ணாவிரதம். 1964-ல் கட்சி உடைந்து மார்க்சிஸ்ட் கட்சி பிறந்ததும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அதன் தலைவர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள், அவரும்தான். மறுபடி உச்ச நீதிமன்றம் போனார். 1966-ல் வந்த தீர்ப்பும் அவருக்கு எதிர்.

கோர்ட்டில் அவர் ஜெயித்த கதையும் ஒன்று உண்டு. ஒரு கொலைச் சம்பவம் பற்றி அவர் விட்ட அறிக்கைக்காகக் கேரள உயர் நீதிமன்றம் அவமதிப்பு என்று தண்டித்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் அறிக்கை விட்டபோது யாரும் கைதாகவே இல்லை, வழக்கு நெருங்கிவிட்டது என்று சொல்லிப் பேச்சை அந்தளவுக்கு முன்கூட்டியே தடுக்க முடியாது என்பது காரணம். கைதுக்குப் பிறகு அதை அச்சிட்ட பத்திரிகைக்காரருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அறைச் சுவர் இடிந்தது வேறு கையால்

இதற்கிடையே கோபாலன் தீர்ப்பு பல வழக்குகளில் வேலை செய்துகொண்டிருந்தது. 1962-ல் கரக் சிங் என்பவர், ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்ட பிறகும் ராத்திரியில் போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது என்று முறையிட்டார். ராத்திரியில் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திய பெரும்பான்மை, அந்தரங்கம் என்பது நம் அரசமைப்பில் உள்ள உரிமை இல்லை என்றது.

1970-ல்தான் முதல் விரிசல். வங்கிகள் நாட்டுடைமை ஆனதை எதிர்த்து ஆர்.சி.கூப்பர் என்ற பங்குதாரர் போட்ட வழக்கில், 11 நீதிபதிகளில் 10 பேர் அந்தத் தனித்தனி அறைக் கணக்கு தப்பு என்றார்கள். சட்டத்தின் நோக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது மனிதனின் உரிமையில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று பார்க்கணும் என்றார்கள். ஒரு கம்யூனிஸ்டின் விடுதலைக்காகத் திறக்காத கதவு, ஒரு வங்கிப் பங்குதாரரின் சொத்துக்காகத் திறந்தது. கோபாலன் அப்போது எம்.பி., வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியதை ஆதரித்த கட்சியின் தலைவர்.

1975 ஜூன் 26 அன்று எமர்ஜென்சி. எழுபது வயது கோபாலனையும் பிடித்தார்கள், சுமார் ஒரு வாரத்தில் விட்டார்கள். ஜூலை 21-ல் மக்களவையில் எழுந்து, எதிர்க்கட்சி எம்.பி.க்கள் ஜெயிலில் இருக்கும்போது நடக்கும் இந்தக் கூட்டத்தொடரையும் எமர்ஜென்சியையும் எதிர்த்துப் பேசினார்.

ஆயிரக்கணக்கானோர் மிசாவில் உள்ளே இருந்தார்கள். 1976 ஏப்ரல் 28-ல் ஜபல்பூர் வழக்கில், 21-வது பிரிவு முடக்கப்பட்டிருக்கும்போது ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தனிமனித சுதந்திரம் 21 என்ற ஒரே அறையில்தான் குடியிருக்கிறது, அந்த அறையைப் பூட்டினால் கேட்க வேறு இடம் இல்லை என்பது அந்த வாதம். 1950-ன் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. எதிர்த்து எழுதியவர் எச்.ஆர்.கன்னா மட்டும். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவிக்கு அவரைத் தாண்டிப் போனார்கள், ராஜினாமா செய்துவிட்டார்.

1977 மார்ச் 21-ல் எமர்ஜென்சி விலக்கப்பட்டது. அடுத்த நாள், மார்ச் 22-ல், திருவனந்தபுரத்தில் கோபாலன் இறந்தார்.

பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரி 25-ல், மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு வந்தது. ஜனதா அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்து, காரணம் சொல்ல மறுத்திருந்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது சொல்லும் நடைமுறை நியாயமாக, நேர்மையாக, காரணத்தோடு இருக்கணும், 14, 19, 21 மூன்றையும் சேர்த்துத்தான் படிக்கணும் என்றது ஏழு நீதிபதி அமர்வு. 1950-ல் நம்பியார் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

அந்த அமர்வில் யார் யார் இருந்தார்கள் என்பது தனிக் கதை. முதன்மைத் தீர்ப்பை எழுதிய பகவதி, இரண்டு வருடம் முன்பு ஜபல்பூர் வழக்கில் அரசுப் பக்கம் நின்றவர். முர்தசா பஸல் அலி, 1950-ல் எதிர்த்து எழுதிய அதே பஸல் அலியின் மகன். வி.ஆர்.கிருஷ்ணய்யர், தலசேரியில் வக்கீலாக இருந்தவர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-ல் அவரையும் பிடித்துக் கண்ணூரில் ஒரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். கோபாலன் தீர்ப்பின் வழியிலேயே நின்று தனியாக மாறுபட்டவர் ஒருவர் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி பி.எஸ்.கைலாசம்.

2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஜபல்பூர் தீர்ப்பையும் கரக் சிங் தீர்ப்பின் மிச்சத்தையும் தூக்கிப் போட்டார்கள். இப்போது அரசு ஒரு உரிமையில் கை வைத்தால் கோர்ட் கேட்கும் கேள்விகள் அதிகம். சட்டம் இருக்கிறதா, நோக்கம் சரியா, அந்த நோக்கத்துக்கு இந்த வழி உதவுமா, இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி இல்லையா, கொடுக்கும் விலை கிடைக்கும் பலனுக்கு மிஞ்சியதா.

குண்டாஸ் போடும்போது என்ன நடக்கிறது?

இவ்வளவு மாறியும், விசாரணையில்லாத காவல் என்ற அதிகாரம் போகவில்லை. தமிழ்நாட்டில் குண்டாஸ் என்று எல்லோரும் சொல்லும் 1982-ம் ஆண்டுச் சட்டம் அந்த வகைதான். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம், போதைப்பொருள் என்று தொடங்கியது, பிறகு திருட்டு வீடியோ, மணல் கடத்தல், சைபர் குற்றம் வரை விரிந்தது.

இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் ஆட்கொணர்வு மனுக்களில், அந்த ஆள் குற்றம் செய்தாரா என்று நீதிபதிகள் பார்ப்பதில்லை. கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானதா, கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்ததா, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தந்தார்களா என்று நடைமுறையைத்தான் கிளறுகிறார்கள். அதில் ஓட்டை இருந்தால் உத்தரவு ரத்து. ஆனால் அது ரத்தாகும் நேரத்தில் அவர் பல மாதம் உள்ளே இருந்திருப்பார். காவலில் வைக்கும் அதிகாரம் சரிதானா என்ற கேள்விக்கு 22-வது பிரிவே ஆம் என்று எழுதி வைத்திருப்பதால், எவ்வளவு தூரம் என்பதில் மட்டுமே சண்டை போட முடிகிறது. அதே பிரிவின்படி, தடுப்புக் காவல் கைதியை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டிய கட்டாயமும் கிடையாது, அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடையாது.

எமர்ஜென்சி முடிந்த கையோடு 1978-ல் நாடாளுமன்றம் 44-வது திருத்தத்தை நிறைவேற்றியது. 21-வது பிரிவை இனி எமர்ஜென்சியிலும் முடக்க முடியாது என்ற பகுதி நடைமுறைக்கு வந்தது. அதே திருத்தத்தின் 3-வது பிரிவு, அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கிறது. அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை மத்தியில் மாறி மாறி வந்த எந்த அரசும் இன்று வரை வெளியிடவில்லை. 22-வது பிரிவில் இருப்பது, 1950-ல் கோபாலன் படித்த அதே மூன்று மாதம்தான்.